வருங்கால மக்களை வணங்கிய பாண்டியன்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் கூடும். மலையில் சாரல் விழும். அருவியில் தண்ணீர் கொட்டும். பல ஊர்களில் இருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குளிப்பார்கள்.

அங்கிருந்து தென்காசி கூப்பிடு தூரம்தான். குளித்துவிட்டு, தலை காயும் முன்பே அங்கே போய்விடலாம். ஊருக்குள் நுழைந்ததும் வானளாவிய கோபுரம் ஒன்று கண்ணில் படும்.

அதுதான் காசி விசுவநாதர் கோவில் கோபுரம். ஒன்பது நிலைகள் கொண்டது. உயரம் ஏறத்தாழ 180 அடி.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கோபுரத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால், அதைத் தொடங்கிய மன்னன் தனக்குப் பின்னால் வரப்போகும் மக்களைக் கும்பிட்டான். அதைக் கல்லிலும் வெட்டி வைத்தான்.

அந்த மன்னனின் பெயர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன்.

மதுரையை இழந்த குலம்

பாண்டியர் என்றால் மதுரை. மதுரை என்றால் பாண்டியர். ஆனால் பராக்கிரம பாண்டியன் அரசனானபோது மதுரை அவன் கையில் இல்லை.

பாண்டிய குலத்தில் அண்ணன் தம்பிச் சண்டை மூண்டது. அந்த நேரம் பார்த்து, 1311-ம் ஆண்டில் டில்லிப் படை மதுரைக்குள் புகுந்தது. மாலிக் கபூர் அதன் தளபதி. பிறகு மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களை விஜயநகரப் படை வென்றது. அதன் பின்னும் பாண்டியருக்கு மதுரை கிடைக்கவில்லை. அவர்கள் தெற்கே ஒதுங்கினார்கள்.

மலையும் ஆறும் உள்ள பொதிகைச் சாரல் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. அங்கே 1422-ம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் முடி சூடினான்.

முன்னோர் ஆண்டது பெரிய நாடு. இவனுக்குக் கிடைத்தது சிறிய நாடு. அதையும் காப்பாற்றப் போர் செய்ய வேண்டியிருந்தது. மலையைத் தாண்டினால் சேர நாடு. அந்தப் பக்கத்து மன்னரோடு அவன் போரிட்டான். இன்று மக்கள் குளித்து மகிழும் குற்றாலம் அன்று போர்க்களமாக இருந்தது. அங்கே அவன் பெற்ற வெற்றியை அவனது மெய்க்கீர்த்தி சொல்கிறது.

வெற்றி பெற்ற மன்னன் கோட்டை கட்டுவான், அரண்மனை கட்டுவான். பராக்கிரம பாண்டியனோ கோவில் கட்ட நினைத்தான்.

கனவில் வந்த கட்டளை

அதற்குக் காரணம் ஒரு கனவு என்று கல்வெட்டு கூறுகிறது.

ஒரு நாள் இரவு காசி விசுவநாதர் மன்னனின் கனவில் தோன்றினார். கங்கைக் கரையில் உள்ள தமது கோவில் பழுதுபட்டுப் போனதைச் சொன்னார். சிற்றாற்றின் வடகரையில் தமக்கு ஒரு கோவில் எழுப்பும்படி கட்டளையிட்டார்.

சிற்றாறு குற்றால மலையில் பிறக்கிறது. அருவியாக விழுந்து, ஆறாக ஓடித் தென்காசியைத் தொடுகிறது. அந்த ஆற்றின் கரைதான் தெற்கே ஒரு காசியாக ஆயிற்று. தென்காசி என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. தெற்கே இருப்பவர்கள் காசிக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். காடு, ஆறு, திருடர் பயம், நோய் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். போனவர்கள் திரும்புவது நிச்சயம் இல்லை. அப்படிப்பட்ட ஏழை எளியவர்களுக்குக் காசியே பக்கத்தில் வந்தது போல் ஆயிற்று.

கடல் கடந்த ஓர் ஊரில்

கோவில் வேலை 1446-ம் ஆண்டில் தொடங்கியது.

அதே ஆண்டில், கடல்களுக்கு அப்பால், இத்தாலி தேசத்தில் ஒரு பெரிய சிற்பி இறந்தான். ஊர் பிளாரன்ஸ். சிற்பியின் பெயர் புருனெல்லெஸ்கி.

பிளாரன்ஸ் நகரில் 1296-ல் ஒரு பெரிய கோவில் கட்டத் தொடங்கினார்கள். அது கிறிஸ்தவர்களின் கோவில். சுவர் எழுந்தது. ஆனால் கூரை போட யாருக்கும் வழி தெரியவில்லை. இடைவெளி அவ்வளவு பெரியது. தரையில் இருந்து மரச் சாரம் கட்டித் தாங்கவும் முடியாது. புருனெல்லெஸ்கிதான் வழி கண்டுபிடித்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகச் செங்கல்லை அடுக்கினான். 1420-ல் தொடங்கி, 1436-ல் கும்மட்டத்தை மூடினான். அதன் உச்சியில் வர வேண்டிய மாடத்தைப் பார்க்கும் முன்பே கண்ணை மூடினான். மற்றவர்கள் அதை முடித்தார்கள்.

இன்று உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் கப்பலிலும் விமானத்திலும் போய் அந்தக் கும்மட்டத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே காலத்தில் அதே ஆசையோடு எழுந்த ஒரு கோவில், நம் வீட்டு வாசலில், குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது.

கோபுரத்தைக் காணாத கண்கள்

தென்காசிக் கோவில் வேலை ஆண்டுக் கணக்கில் நடந்தது. கருவறை எழுந்தது. மண்டபம் எழுந்தது. விசுவநாதரும் உலகம்மையும் குடிகொண்டார்கள். பிறகு மன்னன் கோபுரத்தைத் தொடங்கினான்.

கோபுரம் எழுப்புவது எளிய காரியம் அல்ல. அடிப்பகுதியைக் கருங்கல்லால் கட்ட வேண்டும். அதுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, நிலைக்கு நிலை குறுக்கிக்கொண்டே போக வேண்டும். குறுகக் குறுகப் பாரம் குறையும். அதனால்தான் காற்று மோதினாலும் கோபுரம் சாயாமல் நிற்கிறது.

கோபுரம் முடியவில்லை. மன்னனின் ஆயுள் முடிந்துவிட்டது. 1463-ல் அவன் இறந்தான். புருனெல்லெஸ்கியைப் போலவே அவனும் உச்சியைக் காணவில்லை.

தம்பி குலசேகர பாண்டியன் அண்ணன் விட்ட வேலையை எடுத்துச் செய்தான். ஒன்பது நிலைக் கோபுரத்தைக் கட்டி முடித்தான்.

கல்லில் வைத்த வேண்டுகோள்

பராக்கிரம பாண்டியன் தமிழில் பாடல் பாட வல்லவன். தன் பாடல்களைக் கோவிலில் கல்லில் வெட்டச் செய்தான். மற்ற மன்னர்கள் தங்கள் வெற்றியை வெட்டினார்கள். கோவிலுக்குக் கேடு செய்பவர்களுக்குச் சாபமும் வைத்தார்கள். இவன் சாபத்தை நம்பவில்லை. வணக்கத்தை நம்பினான்.

இந்தக் கோவிலைக் கட்டியது தன் திறமை அல்ல, இறைவனே முன்னின்று தன்னை வேலை வாங்கினான் என்று சொன்னான். கோவிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால், அதைச் சரி செய்பவர் யாராக இருந்தாலும் சரி, அவரை உலகம் அறியப் பணிவதாக எழுதினான். கோவிலைக் காக்கும் மன்னரின் பாதத்தைத் தன் தலைமேல் தாங்குவதாகவும் எழுதினான்.

முடி சூடிய தலை, முகம் தெரியாதவர்களின் முன் குனிந்தது. தன் நாடு நிலைக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரையை இழந்த குலத்தில் பிறந்தவன் அல்லவா?

மொட்டைக் கோபுரம்

அவன் பயந்தபடியே நடந்தது. அவனுக்குப் பின் அவன் வம்சம் தென்காசியில் ஆண்டது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியன் அந்த வம்சத்தில் வந்தவன்தான். பிறகு பாண்டியர் ஆட்சியே மறைந்தது.

கோபுரத்தின் மேல்நிலைகளும் அழிந்தன. இடி விழுந்தது என்றும், தீப்பிடித்தது என்றும் ஊரில் சொல்வார்கள். கருங்கல் அடித்தளம் மட்டும் அசையாமல் நின்றது. தலைமுறை தலைமுறையாக அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது.

பிளாரன்சுக்கும் அந்தச் சோதனை வந்தது. கும்மட்டத்தின் உச்சியில் இருந்த பொன் உருண்டையை மின்னல் கீழே தள்ளியது. அந்த ஊர் மக்கள் 1602-ல் அதைவிடப் பெரிய உருண்டையை ஏற்றினார்கள்.

தென்காசி மக்களும் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டினார்கள். பழைய கல்லின் மேலேயே புதிய நிலைகள் எழுந்தன. 1990-ம் ஆண்டு கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒன்பது நிலைகளும் மீண்டும் வானத்தைத் தொட்டன.

பாண்டியனுக்கு இன்று நாடு இல்லை. அரண்மனை இல்லை. அவன் வேண்டுகோள் மட்டும் கல்லில் இருக்கிறது. அதை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மக்கள் நிறைவேற்றினார்கள்.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் தென்காசிக் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நிற்கட்டும். மலைக் காற்று வந்து மோதும். அங்கே வணங்கும்போது, நம்மை முதலில் வணங்கிய அந்த மன்னனையும் நினைத்துக்கொள்ளட்டும்.