ஷோரூம் காலியான வருஷம்

பிக்கப் வாங்கப் போய், ஸ்டாக் இல்லைன்னு திரும்பி வந்திருக்கீங்களா? அமெரிக்காவில் 1927-லயே இப்படி நடந்தது. காரணம், ஹென்றி ஃபோர்டு.

1863-ல் மிச்சிகனில் விவசாயி வீட்டில் பிறந்தவர். 1908-ல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். விவசாயிகள் அதன் பின்பக்கத்தை வெட்டி, பெட்டி பொருத்தி மூட்டை ஏற்றினாங்க. அதையே கம்பெனி 1925-ல் 281 டாலருக்கு பிக்கப்பா வித்தது.

ஆனா காலம் மாறியும் மாடல் டியை விட அவருக்கு மனசில்லை. மகன் எட்செல் சொல்லியும் கேட்கலை. விற்பனை சரிஞ்ச பிறகுதான், 1927 மே மாதம் உற்பத்தியை நிறுத்தினார். அடுத்த மாடல் தயாரா இல்லை! மாதக்கணக்கில் டீலர்கள் வண்டியில்லாம தவிச்சாங்க, செவர்லே முந்திடுச்சு. டிசம்பரில் மாடல் ஏ வந்ததும் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது.

1947-ல் ஃபோர்டு இறந்தார். ப்ராஜெக்டில் முதல் டிசைனையே பிடிச்சுத் தொங்குறீங்களா? இவரைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.