கஞ்சி வார்த்த முன்சீப்

நம் பங்கின் சமூகக் கூடத்தைத் திருமணத்திற்கும் காதுகுத்திற்கும் வாடகைக்குத் தருகிறோம். அங்கே அண்டாக்களில் சோறு வேகும்போதெல்லாம், நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்கிறோம்.

1826-இல் திருச்சி ஜில்லா குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அன்னார், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக நீதி வழங்கினார். 1859-இல் நீதிநூலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது.

ஆயினும், நம் மக்கள் அவரை வணங்கியது நூல்களுக்காக மட்டுமன்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த பிள்ளையவர்கள், கைப்பொருளைச் செலவிட்டு, பசித்து வந்தோர்க்கெல்லாம் கஞ்சி வார்த்தார். சாதி சமயம் பாராட்டவில்லை. சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை மெச்சி அவர்மீது கீர்த்தனை பாடினார். பிள்ளையவர்களும் 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தந்தார். 1889 ஜூலை 21-இல் இறைவனடி சேர்ந்தார்.

விளக்குக்கும் தண்ணீருக்கும் பழுதுபார்ப்புக்கும் வாடகை வேண்டியதே. ஆனால், அதைத் தர இயலாத ஏழை வீட்டுக் கல்யாணம், அது எச்சமயத்தார் வீட்டதாயினும், நம் கூடத்து வாசலிலிருந்து திரும்பலாகாது. இந்த ஜூபிலி ஆண்டில் நாம் அவருக்குச் செய்யும் மரியாதை அதுவே.