ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால்: யார் இந்த லூசி வில்ஸ்?

பண்ணைக்காடு போன்ற மலை ஊரானாலும் சரி, சென்னையானாலும் சரி, கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் கொடுக்கும் மாத்திரை ஃபோலிக் அமிலம். அதன் ஆரம்பம் டாக்டர் லூசி வில்ஸ்.

1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1928-ல் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியா, சாப்பாடா? குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். பிறகு ரத்தசோகை வந்த குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற மலிவான ஈஸ்ட் சாறுதான் அது! குரங்கு தேறியது, பெண்களும் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

அந்தச் சத்துக்கு ‘வில்ஸ் காரணி’ என்றே பெயர் இருந்தது. 1941-ல் கீரையிலிருந்து பிரித்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைக்க, வில்ஸ் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. 1991-ல் ஏழு நாடுகளில் நடந்த மருத்துவப் பரிசோதனை, இதே சத்து சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டையும் பெருமளவு தடுக்கும் என்று நிரூபித்தது. அப்போது வில்ஸ் இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது.