தாடைகளைச் சீரமைத்த வைத்தியர்: ஹரோல்ட் கில்லீஸ்

எறிகணைச் சிதறல் ஒரு முகத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1915இல் பிரான்ஸின் போர்முனைக்குச் சென்ற ஹரோல்ட் கில்லீஸுக்கு அது புதிது. 1882இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த அவர், இலண்டனில் காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர்.

பதுங்கு அகழியிலிருந்து தலையை உயர்த்தியவர்களின் முகத்தில்தான் சன்னங்கள் பாய்ந்தன. கீழ்த்தாடை சிதறியவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்குப் பின்னே சரிந்து மூச்சடைத்துவிடும். பிழைத்தவராலோ மெல்ல முடியாது, பேசினால் விளங்காது, எச்சில் வழிந்துகொண்டேயிருக்கும். பல இடங்களில் காயத்தின் ஓரங்களை இழுத்துத் தைத்து அனுப்பிவிடுவார்கள். காயம் ஆறிவிடும். வாய் திறக்காது.

1916இல் அல்டர்ஷொட் இராணுவ வைத்தியசாலையில் கில்லீஸ் தனி விடுதி அமைத்தார். சொம் சமருக்காக 200 கட்டில்கள் தயாராக இருந்தன; வந்தவர்கள் சுமார் 2,000 பேர். அடுத்த ஆண்டு சிட்கப்பில் முகக்காயங்களுக்கென்றே வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே 5,000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் அதிகமான சத்திரசிகிச்சைகள் நடந்தன.

பல் வைத்தியர்களை அவர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். முதலில் வாயின் உட்புறம், பிறகு தாடையெலும்பு, கடைசியில்தான் தோல். அழகு பிறகு வரட்டும், முதலில் மனிதன் சாப்பிடட்டும் என்ற கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. அவசரத்தின் விலையையும் அவர் அறிந்திருந்தார். எரிந்த முகம் முழுவதையும் ஒரே தடவையில் மாற்ற முயன்றபோது ஒரு விமானி 1918இல் இறந்துபோனார். அதன்பின் படிப்படியாகவே செய்தார். ஒருவரே பல தடவை சத்திரசிகிச்சை மேசையில் படுக்க நேர்ந்தது.

விடுதிகளில் கண்ணாடிகள் தடைசெய்யப்பட்டிருந்தன. ஊருக்குப் போகும் வீதியில் சில வாங்குகளுக்கு நீலநிறம் பூசியிருந்தார்கள். அங்கே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம் என்று ஊராருக்கு முன்னறிவிப்பு. தாடை திரும்பக் கிடைத்தாலும் அந்த வாங்கைக் கடந்துதான் வீடு போக வேண்டும்.

1930இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. பின்னாளில், பிறவியிலேயே முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்த ஒருவருக்கு, எலும்பை வெட்டி மேல்தாடையோடு முன்னே நகர்த்தினார். பிரான்ஸின் போல் டெசியே அந்த முறையைப் பிறகு வளர்த்தெடுத்தார்.

கில்லீஸ் 1960இல், 78 வயதில் காலமானார். அவருடைய நோயாளிகளை ஓவியர் ஹென்றி டொங்க்ஸ் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வரைந்த படங்கள் இலண்டனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.