குக்கருக்குப் பாட்டன்

சாமளாபுரம், திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைக்குள்ள போனா, பாய்லர் மேல ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். பாத்திருப்பீங்க. அதோட கதை டெனிஸ் பாப்பின்கிட்ட ஆரம்பிக்குது.

1647-ல் பிரான்ஸில், ப்ளுவா நகரத்துக்குப் பக்கத்துல பிறந்தார். படிச்சது மருத்துவம், மனசு போனது மெஷின் பக்கம். பாரிஸில் ஹைகென்ஸுக்கும், லண்டனில் ராபர்ட் பாயிலுக்கும் உதவியாளரா இருந்தார். 1679-ல், மூடியை இறுக்கிப் பூட்டின பாத்திரத்துல எலும்பையே மிருதுவா வேகவெச்சுக் காட்டினார். நம்ம வீட்டு குக்கருக்கு அதுதான் பாட்டன்.

ஆனா அதுல ஒரு ஆபத்து இருந்தது. தண்ணி ஆவியானா, சாதாரணக் காற்றழுத்தத்துல சுமார் 1,600 மடங்கு இடம் கேக்கும். கிடைக்கலைன்னா பாத்திரத்தையே பிளந்துடும். அதனால மூடியில ஒரு ஓட்டை போட்டு, வால்வால அடைச்சு, அதை எடை தொங்குற நெம்புகோலால அழுத்தி வெச்சார். உள்ளே அழுத்தம் கூடினா வால்வு தூக்கும், ஆவி வெளியேறும், திரும்ப மூடிக்கும். பட்டறையில எண்ணெய் சூடாக்குற ஹீட்டருக்கு மேல எக்ஸ்பான்ஷன் டேங்க் வைக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்: விரியறதுக்கு இடம் வேணும்.

பாப்பின் புராட்டஸ்டன்ட். 1685-க்கு அப்புறம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வழியில்லை. ஜெர்மனியில் பேராசிரியரா இருந்தப்போ, 1690-ல் ஆவியால பிஸ்டனைத் தூக்குற மாதிரி இன்ஜினைச் செஞ்சார். 1712-ல் நியூகோமனோட இன்ஜின் சுரங்கத்துல ஓட ஆரம்பிச்சது. பாப்பினோ லண்டனில் வறுமையில வாடி, 1713 வாக்கில் இறந்துபோனார்.

நாளைக்கு நீங்க ஒரு பட்டறையில வேலைக்குச் சேரலாம். வால்வு அடிக்கடி திறக்குது, ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குங்கன்னு யாராவது சொன்னா, செய்யாதீங்க. ஏன் அழுத்தம் கூடுதுன்னு முதல்ல பாருங்க. பக்கத்துல நிக்கிறவங்க உயிர் அதுலதான் இருக்கு.