வாக்கில்லாதவரின் உறுப்பினர்: ஆல்ஃபிரட் வெப்

கோலார் தங்கவயலில் 1870களில் சுரங்க உரிமை பெற்ற லவெல் துரை அயர்லாந்துக்காரர் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த செய்தி. அவர் பொன்னைத் தேடி வந்தார். அதே நாட்டிலிருந்து 1894ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த மற்றொருவரோ நட்புக் கடன் ஆற்ற வந்தார். அவரே ஆல்ஃபிரட் வெப்.

1834ஆம் ஆண்டு டப்ளின் நகரில், அச்சுக்கூடம் நடத்திய குவேக்கர் குடும்பத்தில் வெப் பிறந்தார். அடிமை முறையை எதிர்ப்பது அவ்வீட்டாரின் மூச்சாக இருந்தது. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் டப்ளினுக்கு வந்தபோது, அவருடைய சுயசரிதையை அங்கு அச்சிட்டு வெளியிட்டவர் வெப்பின் தந்தையார். வெப்புக்கு அப்பொழுது வயது 11.

வெப்பும் அச்சுத் தொழிலையே மேற்கொண்டார். அயர்லாந்துப் பெரியோர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1878இல் வெளியிட்டார். தம் நாட்டின் தன்னாட்சிக்காக உழைத்தார். 1890இல் மேற்கு வாட்டர்ஃபோர்டு மக்கள் அவரை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். 1885இல் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்தபோது உண்டான தொகுதி அது.

அங்கே அவர் அயர்லாந்தின் குறைகளோடு நிற்கவில்லை. 1893இல் இந்திய அபினி வணிகத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாய் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. 1895இல் வெளிவந்த அறிக்கையோ அவ்வணிகத்துக்கே சாதகமாக முடிந்தது.

இதற்கிடையே, 1894 டிசம்பரில் சென்னையில் கூடிய 10ஆவது காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்க, அறுபதாம் வயதில் கடல் கடந்து வந்தார். அவர் பேச்சைக் கேட்ட சென்னைவாசிகளுக்கு அவருடைய தொகுதியில் வாக்கில்லை. அவர்களால் அவருக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆயினும் வந்தார்.

1895இல் பார்லிமெண்டை விட்டு விலகிய வெப், 1908இல் ஷெட்லாந்து தீவில் காலமானார். 1918இல் மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதியும் கலைக்கப்பட்டது.

நண்பர்களே! எங்கள் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்து, வாக்குரிமை இன்றியே சுரங்கத்தில் இறங்கியவர்கள். 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டபின் நாங்கள் மீண்டும் ஊர் ஊராய்ப் பிரிந்தோம். நமக்காகப் பேச யாருளர் என்று நாம் கேட்பது நியாயமே. ஆனால் நம் விடுதிக்கு அருகே கட்டடம் எழுப்பும் பீகார்த் தொழிலாளிக்கும் இந்த ஊரில் வாக்கில்லை. அவனுக்காக நாம் பேசுகிறோமா? வெப்பின் வாழ்வு நம்மிடம் கேட்பது இதைத்தான்.