ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மகிழ்ச்சி: பண்டித ரமாபாயின் வாழ்க்கைப் பயணம்

பெண் கல்விக்காகவும் விதவையரின் மறுவாழ்வுக்காகவும் வாழ்நாளை அர்ப்பணித்த பண்டித ரமாபாய், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி காலமானார். சமூகச் சீர்திருத்தவாதியாக அவரை நாடு நன்கறியும். ஆனால், கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய பின்னரும் மன அமைதி காணாமல் எட்டு ஆண்டுகள் தவித்த அவர், அதன் பிறகே உண்மையான மகிழ்ச்சியைக் கண்டடைந்தார் என்பது பலரும் அறியாத செய்தி.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பகுதியான கங்காமூலாவில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, ஊரார் எதிர்ப்பையும் மீறி மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். தாயிடமிருந்து அந்தக் கல்வி மகளுக்கு வந்தது. புண்ணியத் தலங்கள்தோறும் புராணம் வாசித்து வாழ்ந்த அக்குடும்பத்தை, 1870களின் பஞ்சம் சிதைத்தது. தாய், தந்தை, மூத்த சகோதரி ஆகியோரை இழந்த ரமாபாய், அண்ணன் ஸ்ரீநிவாசுடன் நாடெங்கும் கால்நடையாகவே அலைந்தார். 1878ல் கொல்கத்தாவை அடைந்த அவரது புலமையைச் சோதித்த அறிஞர்கள், பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கிச் சிறப்பித்தனர்.

ஆயினும் துயரம் அவரை விடவில்லை. 1880ல் அண்ணன் மறைந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி தாஸைச் சாதி வரம்பை மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1882 பிப்ரவரியில் காலரா நோய் கணவரையும் பறித்தது. கைக்குழந்தை மனோரமாவுடன் புனேவுக்கு வந்த அவர், ஆரிய மகிளா சமாஜம் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்.

இங்கிலாந்தில் ஞானஸ்நானம்

சமூகத்தால் கைவிடப்பட்ட பெண்களுக்காக ஆங்கிலிக்கன் கன்னியர் லண்டனில் நடத்திய இல்லம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. இத்தகைய பெண்களுக்கும் வாசல் திறந்து வைக்கும் சமயம் எது என்ற கேள்வி, சமாரியப் பெண்ணைப் பற்றிய சுவிசேஷப் பகுதிக்கு அவரை அழைத்துச் சென்றது. 1883 செப்டம்பர் 29 அன்று வான்டேஜ் நகரில் மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

இந்த முடிவால் தாயகத்தில் பலரின் நம்பிக்கையை அவர் இழந்தார். மறுபுறம், திருச்சபையின் கோட்பாடுகள் சிலவற்றைக் கேள்வியின்றி ஏற்க மறுத்ததால், வழிநடத்திய கன்னியருடனும் கருத்து வேறுபாடு எழுந்தது. வேதத்தை ஆழ்ந்து கற்றபோதும் உள்ளத்தில் அமைதி பிறக்கவில்லை.

1886ல் அமெரிக்கா சென்று, இந்தியப் பெண்களின் நிலையை விளக்கி நூல் எழுதி, நிதி திரட்டித் திரும்பினார். 1889 மார்ச்சில் மும்பையில் விதவையருக்கான சாரதா சதனம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனேவுக்கு மாறியது. பணி வளர்ந்தது, வெறுமை மட்டும் நீடித்தது.

திருப்புமுனை

1891 வாக்கில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பணியாற்றிய வில்லியம் ஹஸ்லம் என்ற குருவானவரின் தன்வரலாறு ரமாபாயின் கைக்குக் கிடைத்தது. பிறருக்குப் போதித்து வந்த ஹஸ்லம், தாம் இன்னும் மனம் மாறவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தவர். அந்நூல் ரமாபாய்க்குத் தம் நிலையையே காட்டியது. கிறிஸ்தவ மதத்தைத் தாம் ஏற்றிருந்தாலும், கிறிஸ்துவை இன்னும் அடையவில்லை என்று அவர் தெளிந்தார். தகுதி ஈட்டிய பின்னரே அருள் கிடைக்கும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, பெற்ற நிலையிலேயே நம்பத் தொடங்கினார். நெடுநாள் பாரம் இறங்கியதாகவும் நிறைவான மகிழ்ச்சி பிறந்ததாகவும் பின்னாளில் தம் சாட்சியத்தில் பதிவு செய்துள்ளார்.

இம்மகிழ்ச்சிக்கும் விலை இருந்தது. அவர் அறையில் நடந்த காலைப் பிரார்த்தனைக்கு மாணவியர் சிலர் விரும்பி வந்ததை எதிர்த்து, 1893ல் சதனத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்த சீர்திருத்தத் தலைவர்கள் விலகினர். பல குடும்பத்தினர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ரமாபாய் கதவை மூடவில்லை.

1896-97ல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியபோது, இளமையில் தாம் பட்ட பசியை நினைவுகூர்ந்து நேரில் சென்றார். சுமார் 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்தார். புனே அருகே கேட்காவில் எழுந்த முக்தி இல்லத்தில், 1900ஆம் ஆண்டின் குஜராத் பஞ்சத்துக்குப் பின் ஏறத்தாழ 2,000 பேர் அடைக்கலம் பெற்றனர்.

கேட்காவில் எழுப்புதல்

தமக்குக் கிடைத்த மகிழ்ச்சி இல்லத்தாருக்கும் கிடைக்க வேண்டும் என்று ரமாபாய் விரும்பினார். 1905 தொடக்கத்தில் அதற்கெனத் தனிப் பிரார்த்தனைக் குழுவை அமைத்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் கூடினர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அங்கு எழுப்புதல் வெடித்தது. பெண்கள் தம் குற்றங்களை அழுது அறிக்கையிட்டனர். பின்னர் பாடியும் கைதட்டியும் களிகூர்ந்தனர். இது வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று விமர்சனம் எழுந்தபோது, இந்தியப் பெண்கள் தமக்கு இயல்பான முறையில் இறைவனை வழிபட உரிமை உண்டு என்ற நிலைப்பாட்டில் ரமாபாய் உறுதியாக நின்றார்.

எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமப் பெண்களுக்கும் புரியும் எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பது அவரது இறுதிப் பணியாக அமைந்தது. 1921ல் ஒரே மகள் மனோரமா இறந்த பின்னரும் அப்பணி நிற்கவில்லை. அச்சுப்படிகளைத் திருத்தி முடித்த சில நாட்களில் அவர் கண்மூடினார். முக்தி இல்லப் பெண்களே அச்சுக்கோத்து அச்சிட்ட அந்த மராத்தி வேதாகமம் 1924ல் வெளிவந்தது. 1989ல் இந்திய அஞ்சல் துறை ரமாபாய் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இல்லம் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாகச் செயல்பட்டு வருகிறது.